மறுமொழி: பிளேடு சர்வர் – அலகா, ஏடா, தகடா?

அன்புள்ள குழுவினர்க்கு,

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான தரவு மையக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். அதில் பிளேடு சர்வரை, அதாவது பொதுக் கூண்டு ஒன்றில் வரிசையாகச் செருகும் மெல்லிய வழங்கியை (சர்வரை), தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் நம் கேள்வி.

பேராசிரியர் ஐயா 'அலகு வழங்கி' என்கிறார். வாளின் அலகில் தொடங்கி யாப்பில் அலகிடுவதுவரை அவர் போனதை ரசித்துப் படித்தேன். ஆனால் வழங்கிகளைப் பொருத்தும் அடுக்குச் சட்டமான ரேக்கின் உயரத்தை அளக்கும் 'யூ'வையும் அலகு என்றே எழுதியிருக்கிறோம். எச்.பி. சி7000 என்ற பிளேடு கூண்டு பற்றிய வரி இப்போது இப்படி நிற்கிறது: "10 அலகு உயரக் கூண்டில் 16 அரை உயர அலகுகளைச் செருகலாம்." படிக்கும் பையன் பாவம்.

நம் குழுவின் அம்மா சொன்ன 'ஏடு' அழகான சொல். ஆனால் சுவடியிலிருந்து உருவிய ஏட்டைத் தனியாகவும் படிக்கலாம். பிளேடை உருவி மேசையில் வைத்தால் ஓடாது. மின்சாரமும் விசிறியும் கூண்டுடையவை.

ஆகவே என் வாக்கு 'தகட்டு வழங்கி'க்கு. தகடாகிய வழங்கி என்று விரித்தால் வேற்றுமைப் பொருள் இல்லாத அல்வழிதானே, டகரம் ஏன் இரட்ட வேண்டும் என்று நண்பர் கேட்டார். நன்னூல் 'வேற்றுமை மிகவே', அதாவது வேற்றுமையில் மிகுதியாக இரட்டும் என்றுதான் சொல்கிறது. அல்வழியில் கூடவே கூடாது என்று சொல்லவில்லை. முரட்டுக்காளை என்று ஊரே சொல்கிறது.

அப்புறம், ஒரு தகட்டில் நடக்கும் வேலையை இன்னொரு தகட்டுக்குக் கொண்டுபோவதற்குப் 'பணிமாற்றம்' என்ற சொல் வேண்டவே வேண்டாம். அரசு ஊழியரின் மாறுதல் ஆணைதான் கண்முன் வரும். அதைவிடப் பெரிய சிக்கல், இரண்டு வேறு வேலைகளை அந்த ஒரே சொல்லில் அடைத்திருக்கிறோம். ஒன்றில், மெய்நிகர் இயந்திரம் (வழங்கிக்குள் மென்பொருளாகவே இயங்கும் கணினி) ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நினைவகத்தைப் பக்கம் பக்கமாக அடுத்த தகட்டுக்கு நகலெடுக்கிறோம். அதற்குள் மாறிவிட்ட பக்கங்களை மறுபடி அனுப்பி, கடைசியில் கண நேரம் நிறுத்தி அங்கே தொடர்கிறோம். மற்றதில், பழுதான தகட்டின் மாக் முகவரி (வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்), துவக்க அமைப்பு எல்லாவற்றையும் காலியாக இருக்கும் தகட்டுக்குக் கொடுத்து, அங்கே முதலிலிருந்து துவக்குகிறோம். இதில் சேவை நின்றுதான் வரும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், இரவுப் பணியில் இருப்பவர் சேவை நிற்காது என்று நம்பிக் கைவைப்பார்.

முதலாவதற்குப் 'பணிப் பெயர்ப்பு', இரண்டாவதற்கு 'மறு ஒதுக்கீடு' என்று வைக்கலாம். தானாகப் பெயர்வதில்லை, நாம்தான் பெயர்க்கிறோம். அதனால் 'பெயர்வு' பொருந்தாது. மொழிபெயர்ப்பு நினைவுக்கு வரும் என்ற ஆட்சேபம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. நாற்றைப் பெயர்த்து நடுவதும் இதே வினைதான்.

'பிளேடு' என்றே விடலாம் என்னும் தம்பிக்கு: தரவு மையத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், மறுக்கவில்லை. முதல் முறை வரும் இடத்தில் இரண்டையும் சேர்த்தே போடுவோம். ஐயா இன்னும் அலகை விடுவதாக இல்லை. வியாழன் மாலைவரை எழுதுங்கள்; அதுவரை வரைவில் தகடு.