பாபிலோனிய தல்மூதில் பாரசீகத் தாக்கம்: யாக்கோவ் எல்மன் சொல்வது சரியா?

தெற்குச்சாளரம்:
தல்மூத் அறிஞர் யாக்கோவ் எல்மன் (1943–2018) பற்றி இப்போதுதான் படித்தேன். யூதர்களின் சட்ட விவாதத் தொகுப்பான பாபிலோனிய தல்மூதைப் படிக்கும்போது, அங்கே ஆண்ட பாரசீகர்களின் மதமான ஜொராஸ்திரிய நூல்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறாராம். அக்கம்பக்கத்தில் வாழ்ந்தார்கள் என்பதற்காகத் தாக்கம் என்று சொல்லிவிடலாமா? தல்மூதுக்குள்ளேயே ஆதாரம் உண்டா?

பழையஏடு:
தாராளமாக உண்டு. தல்மூதின் சன்ஹெட்ரின் பகுதி, 46ஆம் ஏட்டின் பின்பக்கம் பாருங்கள். பாரசீக மன்னன் ஷாப்பூர், ரபி (யூத மத அறிஞர்) ஹாமாவிடம், இறந்தவரைப் புதைக்கச் சொல்லி யூத வேதமான தோராவில் எங்கே இருக்கிறது என்று கேட்கிறான். ஹாமா வாயடைத்துப் போகிறார். இன்னொரு ரபிக்கு வந்ததே கோபம்: உலகத்தை முட்டாள்கள் கையில் கொடுத்தாயிற்று, தோராவின் உபாகம நூலில் புதைக்கச் சொல்லும் வசனத்தைக் காட்டியிருக்கக் கூடாதா என்கிறார். அதுவும் செல்லாது என்று தல்மூதே அடுத்த வரியில் தட்டிவிடுகிறது! பிணம் பட்டால் மண் தீட்டாகும் என்பது ஜொராஸ்திரிய நம்பிக்கை. அது தெரிந்தால்தான் மன்னன் ஏன் இதைப் போய்க் கேட்டான் என்பது விளங்கும்.

எல்மன் நியூயார்க்கில் யேஷிவா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தார். அப்படியிருந்தும் ஹார்வர்டில் ஒக்தோர் ஷெர்வோவிடம் போய், ஜொராஸ்திரிய நூல்களின் மொழியான பஹ்லவி படித்தார். அவர் அதிகம் பேசியது ரவா என்ற பாபிலோனிய ரபியைப் பற்றி. ரவாவின் ஊர் மகோசா. பாரசீகத் தலைநகர் டெசிஃபோன் கூப்பிடு தூரம். ஷாப்பூரின் தாய் இஃப்ரா ஹோர்மிஸ் 400 தினார் அனுப்பியபோது பாலஸ்தீனத்து ரபி அமி வேண்டாம் என்றார், ரவா வாங்கிக்கொண்டார். அரசோடு பகை வேண்டாம் என்பதுதான் காரணம்.

மறுப்பாளன்:
சரி, ஆனால் வெட்டிய நகத்தை என்ன செய்வது என்று தல்மூதின் நித்தா பகுதி, 17ஆம் ஏட்டில் வருவதையும், ஜொராஸ்திரிய நூலான வெந்திதாதின் 17ஆம் அத்தியாயத்தையும் முடிச்சுப் போடுகிறார்களே! நகம், முடி பற்றிய பயம் இல்லாத நாடு ஏது? தல்மூத் ஆய்வாளர் ராபர்ட் பிராடி 2016இல் இதைத்தான் கேட்டார்: ஒற்றுமை தெரிகிற இடத்திலெல்லாம் உறவு கொண்டாடுவதா?

பழையஏடு:
நகத்தை விட்டுவிடுகிறேன், அது பலவீனமான சான்றுதான். ஆனால் எல்லாவற்றையும் கடன் என்று பார்ப்பானேன்? பல இடங்களில் ரபிகள் ஜொராஸ்திரியர்களோடு மல்லுக்கு நிற்கிறார்கள். அதுவும் தாக்கம்தானே. சன்ஹெட்ரின் 39இல் ஒரு ஜொராஸ்திரியப் பூசாரி ரபி அமேமாரிடம், உன் இடுப்புக்கு மேலே நல்ல தெய்வம் ஹோர்மிஸுக்கு, கீழே தீய தெய்வம் அஹ்ரிமனுக்கு என்கிறார். அப்படியானால் ஹோர்மிஸின் தண்ணீர் தன் எல்லை வழியாகச் சிறுநீராக வெளியே போக அஹ்ரிமன் எப்படி விடுகிறான் என்று திருப்பிக் கேட்கிறார் அமேமார். பூசாரி என்ன சொன்னார் என்று தல்மூத் எழுதவில்லை.