எக்ஸ்எஸ்எல்டி 1.0: சோப் நேம்ஸ்பேஸை நீக்கினால் எக்ஸ்எஸ் அறிவிப்பும் போகிறது

எக்ஸ்எஸ்எல்டி (எக்ஸ்எம்எல் ஆவணங்களை உருமாற்றும் மொழி) கொண்டு, சோப் (எக்ஸ்எம்எல் செய்திகளைப் பரிமாறும் நெறிமுறை) உறைக்குள் இருக்கும் ஆவணத்தை மட்டும் உருவித் தனி ஃபைலாக எழுத வேண்டும். காப்பி-ஆஃப் (அப்படியே நகலெடுக்கும் கட்டளை) போட்டால் உறையின் சோப் நேம்ஸ்பேஸ் அறிவிப்பும் (ஒரு பிரிஃபிக்ஸ் எந்த யூஆர்ஐயைக் குறிக்கிறது என்று சொல்லும் வரி) வேர் எலிமென்டில் ஒட்டிக்கொண்டு வருகிறது. வாங்கும் பக்கத்து செக்கர் அதைக் கண்டதும் நிராகரிக்கிறது (செய்யக்கூடாதுதான், ஆனால் அதை மாற்ற வழியில்லை).

உபுண்டு 22.04, எக்ஸ்எஸ்எல்டிபிராக் (1.0 மட்டும் தெரிந்த பிராசஸர்). 2.0 தெரிந்த பிராசஸரான சாக்ஸன் நிறுவ அனுமதி இல்லை, ஆகவே 2.0-இன் காப்பி-நேம்ஸ்பேசஸ்="நோ" கிடையாது.

எக்ஸ்க்ளூட்-ரிசல்ட்-பிரிஃபிக்ஸஸ் பலிக்கவில்லை. அது ஸ்டைல்ஷீட்டில் நேரடியாக எழுதிய எலிமென்டுகளுக்குத்தான். காப்பியில் வருபவை மூல மரத்தின் நேம்ஸ்பேஸ் நோடுகள். அடுத்து, எல்லாவற்றையும் எக்ஸ்எஸ்எல்:எலிமென்ட் வைத்துப் புதிதாகக் கட்டிப் பார்த்தாயிற்று: நேம் இடத்தில் நேம்(), நேம்ஸ்பேஸ் இடத்தில் நேம்ஸ்பேஸ்-யூஆர்ஐ(). சோப் ஒழிந்தது. ஆனால் எக்ஸ்எஸ்ஐ:டைப்="எக்ஸ்எஸ்:டேட்" அப்படியே நிற்க, உறையில் இருந்த எக்ஸ்எஸ் (எக்ஸ்எம்எல் ஸ்கீமாவின் பிரிஃபிக்ஸ்) அறிவிப்பைக் காணோம். அட்ரிபியூட் மதிப்புக்குள் இருக்கும் பிரிஃபிக்ஸ் பிராசஸருக்கு வெறும் எழுத்துதானே. எக்ஸ்எஸ்எல்:அட்ரிபியூட்டால் எக்ஸ்எம்எல்என்எஸ்:எக்ஸ்எஸ் என்று எழுதுவதும் செல்லாது.

வேர் எலிமென்டின் பெயர் சில நேரம் இன்வாய்ஸ், சில நேரம் கிரெடிட்நோட். அதனால் டெம்ப்ளேட்டில் நேரடியாக எழுதி வைக்கவும் முடியாது.

1.0-லேயே, வேரில் மட்டும், எக்ஸ்எஸ் அறிவிப்பை ஒரே முறை வரவைப்பது எப்படி?