பென்சில் பேட்டரியிலிருந்து துத்தநாகம் எடுப்பது எப்படி?

கேள்வி:
தீர்ந்துபோன பென்சில் பேட்டரி 2 கிலோ இருக்கிறது. ஒன்றை அறுத்துப் பார்த்தால் வெளியே இரும்பு ஓடு, அதையொட்டிக் கறுப்பு வளையம், நடுவில் சாம்பல் நிறக் கூழ். துத்தநாகத் தகட்டையே காணோம். அப்படியே உலையில் போட்டு உருக்கினால் வருமா?

பதில் 1:
நீங்கள் அறுத்தது அல்கலைன். அதில் துத்தநாகம் தூளாகத்தான் இருக்கும், அந்தச் சாம்பல் கூழ்தான் அது. கூழில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற, தோலை அரிக்கும் காரம் உண்டு, கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். தகடு வேண்டுமென்றால் கார்பன் பேட்டரிதான், அதன் உள் ஓடே துத்தநாகம்.

உறையில் இருக்கும் எழுத்தைப் பார்த்துப் பிரியுங்கள். ஆர்6 கார்பன், எல்ஆர்6 அல்கலைன், எச்ஆர்6 ரீசார்ஜ் வகை. எஃப்ஆர்6 என்றால் லித்தியம், அதை அறுக்கவே வேண்டாம். உள்ளே லித்தியத் தாள், ஈரம் பட்டால் பற்றிக்கொள்ளும்.

ஆர்6-இல் மேலுறையை உரித்து, கரிக்குச்சியை உருவி, உள்ளிருக்கும் கறுப்பு மாவைக் கொட்டி, ஓட்டை நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். ஈரத்தோடு உருக்கினால் நீராவி வெடித்து உலோகம் முகத்தில் தெறிக்கும். 420 டிகிரியில் உருகிவிடும், அதற்குமேல் அதிகம் ஏற்றாதீர்கள். வெள்ளைப் புகை கிளம்பினால் சூடு எல்லை மீறிவிட்டது. அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரும்.

கேள்வி கேட்டவர்:
பார்த்துவிட்டேன், எல்லாமே எல்ஆர்6. கூழைக் காயவைத்து உருக்கினால்?

பதில் 2:
வராது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்றால் துத்தநாகத்தில் பெரும்பகுதி ஆக்சைடாகிவிட்டது என்று அர்த்தம். ஆக்சைடை வெறுமனே சூடாக்கி உலோகம் எடுக்க முடியாது, கரி சேர்த்து ஆயிரம் டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டும். 907 டிகிரியிலேயே துத்தநாகம் கொதித்து ஆவியாகி, காற்றுப் பட்டதும் மறுபடி ஆக்சைடாகிவிடும். பெரிய சுழல் உலைகளில் அந்த ஆக்சைடுத் தூளைத்தான் வடிகட்டிப் பிடிக்கிறார்கள். முழு பேட்டரியை உலையில் போட்டால் வெடிக்கும் என்பது வேறு.

கரைத்துப் பிரிப்பதென்றால் நீர்த்த கந்தக அமிலத்தில் துத்தநாகம் சுலபமாகக் கரையும். கறுப்பு வளையத்தில் இருக்கும் மாங்கனீசு டை ஆக்சைடு அசையாது, ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால்தான் இறங்கும். தீராமல் மிச்சமிருக்கும் துத்தநாகம் ஹைட்ரஜன் விடும், பக்கத்தில் நெருப்பு கூடாது.

கணக்கையும் பாருங்கள். 23 கிராம் பேட்டரியில் துத்தநாகம் சுமார் 4 கிராம். 2 கிலோவுக்கு 350 கிராம் தேறினாலே அதிகம். அமிலச் செலவுக்குக்கூடக் கட்டாது. சேகரிப்பு மையத்தில் கொடுத்துவிடலாம்.

பதில் 1:
கொடுக்கும்வரை லித்தியம் பட்டன் பேட்டரிகளை இதோடு கலக்காதீர்கள். இரு பக்கமும் டேப் ஒட்டித் தனி டப்பாவில் போடுங்கள். குலுங்கி ஒன்றோடொன்று உரசினால் ஷார்ட் ஆகிச் சூடேறும்.