ஈசிஎம் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி) போச்சு என்கிறார்கள்: புதிது போடவா, போர்டைச் சரிசெய்யவா?

சங்ககிரி பத்துச்சக்கரம்:
வணக்கம். என்னுடையது 2018 மாடல் பத்துச்சக்கர லாரி, பிஎஸ்4, காமன் ரயில் இன்ஜின் (டீசலை ஒரே குழாயில் அதிக அழுத்தத்தில் வைத்து எல்லா இன்ஜெக்டருக்கும் தரும் வகை). பத்து நாளாக ஒரே தொல்லை. சிமென்ட் ஏற்றிக்கொண்டு தொப்பூர் மேடு ஏறும்போது செக் லைட் எரிகிறது, பிக்கப் அப்படியே அமுங்கி இன்ஜின் நின்றுவிடுகிறது. சாவியை ஆஃப் செய்து ஐந்து நிமிடம் விட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகிறது. காலி வண்டியில் ஒன்றும் வருவதில்லை. ஸ்கேனரில் ரயில் பிரஷர் சென்சார், பூஸ்ட் சென்சார், ஆக்சிலரேட்டர் பெடல் மூன்றுக்கும் ஒரே நேரத்தில் கோடு (பிழை எண்) காட்டுகிறது. "மூன்றும் ஒன்றாகப் போகாது, ஈசிஎம்தான் போச்சு" என்கிறார்கள் பணிமனையில். புதிது 92,000, புரோகிராம் கூலி தனி. சேலத்தில் ஒருவர் போர்டைப் பிரித்து 14,000-க்குச் சரிசெய்து தருகிறேன், மூன்று மாத கேரண்டி என்கிறார். தவணை ஓடுகிறது, வண்டி நிற்கிறது. எதைச் செய்யலாம்?

பணிமனை 22 வருடம்:
புதிது போடுங்கள் தம்பி. சூடானதும் நிற்கிறது, ஆறியதும் ஓடுகிறது என்றால் போர்டில் ஏதோ ஒரு சால்டர் விரிசல் விட்டிருக்கிறது. சரிசெய்த போர்டு மேசை மேல் நன்றாகத்தான் வேலை செய்யும். இன்ஜினோடு சேர்ந்து நாள் முழுக்க அதிர்ந்து, சூடாகி, ஆறி, மறுபடி சூடாகும்போதுதான் அதன் தரம் தெரியும். ஒரு வாடிக்கையாளர் கேட்டாரே என்று சரிசெய்த போர்டைப் போட்டுக் கொடுத்தேன். ஐந்தாவது மாதம் நடுராத்திரியில் கிருஷ்ணகிரி தாண்டி நின்றது. லோடு மாற்றிய செலவு, இழுத்து வந்த செலவு, சரக்குக்காரர் பேச்சு எல்லாம் சேர்ந்து மிச்சம் பிடித்ததை விழுங்கிவிட்டது. மேட்டில் இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் இரும்பாகிவிடும், பின்னால் பஸ் வரும். இதில் பணக்கணக்கு பார்க்காதீர்கள்.

கரூர் எலக்ட்ரீஷியன்:
அண்ணே, 92,000-த்தை எடுப்பதற்கு முன் ஒரு மல்டிமீட்டரை எடுங்கள். மூன்று சென்சாருக்கும் ஒன்றாகக் கோடு வந்ததைக் கேட்டால் எனக்கு ஈசிஎம் மேல் சந்தேகம் குறைகிறது. இந்த சென்சார்களுக்கு ஈசிஎம்மிலிருந்து 5 வோல்ட் போகிறது. ஆளுக்கொரு லைன் கிடையாது, இரண்டு மூன்று சென்சார்கள் ஒரே லைனைப் பங்கு போட்டுக்கொள்ளும். அதில் ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனாலும் சரி, ஒரு வயர் தோல் உரிந்து இரும்பில் தொட்டாலும் சரி, மொத்த லைனும் படுத்துவிடும். நல்ல சென்சார்களையும் சேர்த்து ஸ்கேனர் குற்றம் சொல்லும்.

பெடலுக்குள் இரண்டு சென்சார் உண்டு. பாதுகாப்புக்காகப் பெரும்பாலும் இரண்டுக்கும் வேறு வேறு 5 வோல்ட் லைன். கோடு இரண்டுக்கும் வந்ததா, ஒன்றுக்கு மட்டுமா? ஒன்றுக்கு மட்டும் என்றால், ஒரே ஒரு லைன்தான் படுக்கிறது என்று அர்த்தம்.

சாவி ஆன், இன்ஜின் ஆஃப். சென்சார் சாக்கெட்டில் 5 வோல்ட் பின்னில் மீட்டரை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் வயரிங்கை முன்னாலிருந்து பின்னால் வரை கையால் ஆட்டிக்கொண்டே போகட்டும். வோல்ட் விழுந்தால் சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ, கோளாறு அங்கே. எல்லாவற்றையும் கழற்றியும் திரும்பவில்லை, வயரிங்கிலும் ஷார்ட் இல்லை என்றால் அப்போது ஈசிஎம்மைச் சொல்லுங்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். எர்த்தையும் விடாதீர்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் ஈசிஎம் எர்த் பின்னுக்கும் நடுவில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் சரியில்லை.

சூடு என்கிறார் ஐயா. சூடுதான் காரணம் என்றால், ஏறி முடித்த பிறகும் இன்ஜின் சூடாகத்தானே இருக்கும், அங்கே ஏன் நிற்கவில்லை? முழு லோடில் மேடு ஏறும்போது இன்ஜின் முறுக்கிக்கொண்டு மவுண்டிங் மேல் ஒரு பக்கம் சாயும், வயரிங்கும் கூடவே இழுபடும். அடுத்த முறை நின்றால் ஓரம்கட்டிவிட்டு, ஐந்து நிமிடம் காத்திருக்காமல் உடனே சாவி போட்டுப் பாருங்கள். ஆறுவதற்குள்ளேயே ஸ்டார்ட் ஆனால் சூடு காரணமாக இருக்காது.

சமீபத்தில் பாடியில் வெல்டிங் வைத்தீர்களா?

சங்ககிரி பத்துச்சக்கரம்:
போன மாதம் கேபினுக்குப் பின்னால் பிராக்கெட் ஒன்று விட்டுப்போய் வெல்டிங் வைத்தோம். பேட்டரியைக் கழற்றினார்களா என்று நான் பார்க்கவில்லை.

பணிமனை 22 வருடம்:
இதைத்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்! பேட்டரி இரண்டு முனையையும் கழற்றி, ஈசிஎம் சாக்கெட்டையும் பிடுங்கி, எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வெல்டிங் கரண்ட் போர்டு வழியாகப் போகும். என் சந்தேகம் இப்போது கூடித்தான் இருக்கிறது. கரூர் தம்பி சொல்கிற சோதனை தவறென்று சொல்லவில்லை. ஆனால் விட்டு விட்டு வரும் கோளாறை ஆட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க மூன்று நாளும் ஆகும், பத்து நாளும் ஆகும். அந்தக் கூலியை வண்டிக்காரர் தரமாட்டார். நாளைக்கு மறுபடி நின்றால் பதில் சொல்வது நான்.

கரூர் எலக்ட்ரீஷியன்:
புதிது போட்டும் நின்றால் யார் பதில் சொல்வது? என்னிடம் வந்த ஒரு வண்டியில் புதிய ஈசிஎம் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. வால்வு கவருக்குள் இன்ஜெக்டர் வயர் உரிந்து தொட்டுக்கொண்டிருந்தது. பழையது செத்ததும் அதனால்தான், யாரும் கவரைத் திறந்து பார்க்கவில்லை. சாக்கெட்டில் ஒரு தடவை சொருகிய ஈசிஎம்மைக் கடைக்காரர் திரும்ப வாங்கவும் மாட்டார். வண்டிக்காரர் பைசா பைசாவாகச் சேர்த்த பணம் ஐயா அது. அரை நாள் சோதனைக்குக் கூலி கேளுங்கள், நானே தரச் சொல்கிறேன்.

போர்டு வேலை, கோவை:
நான் இந்த வேலைதான் செய்கிறேன், அதனால் நேராகச் சொல்கிறேன். இன்ஜெக்டர் டிரைவர் (இன்ஜெக்டருக்குக் கரண்ட் அனுப்பும் பகுதி), கெப்பாசிட்டர், பவர் சப்ளை பகுதி போயிருந்தால் நல்லபடியாகச் சரிசெய்யலாம். புராசஸர் கோளாறு என்று கோடு வந்து, அது உண்மையாகவும் இருந்தால் நான் தொடமாட்டேன். போர்டைப் பார்க்காமலே ஃபோனில் 14,000 என்று விலை சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். எந்தப் பாகம் போச்சு, எதை மாற்றினேன் என்று காட்டச் சொல்லுங்கள். எந்தப் பாகத்தையும் மாற்றாமல், போர்டை வெறுமனே சூடுகாட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். அது பத்து நாள் ஓடும்.

டிரைவர் மகன்:
உடைத்த வண்டியிலிருந்து எடுத்த ஈசிஎம் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறதே, அதைப் போட்டால் என்ன?

போர்டு வேலை, கோவை:
மேலே ஒட்டியிருக்கும் பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம் பழையதில் உள்ள டேட்டாவைப் படித்து இதில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) உள்ள வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. இன்ஜெக்டர் தலையில் பொறித்திருக்கும் குறியீடுகளையும் உள்ளே எழுத வேண்டும். அதை விட்டால் ஐட்லிங்கில் தட்டும், புகை தள்ளும். இவ்வளவும் செய்யத் தெரிந்தவர் கையில் கொடுத்தால் பரவாயில்லை.

சங்ககிரி பத்துச்சக்கரம்:
நேற்று முழுக்க வண்டிக்கு அடியில்தான் இருந்தேன். பெடலில் ஒரு சென்சாருக்கு மட்டும்தான் கோடு வந்திருக்கிறது. தம்பி மீட்டரைப் பிடித்துக்கொள்ள, நான் வயரிங்கை ஆட்டிக்கொண்டே போனேன். இன்ஜினுக்கும் சேஸுக்கும் நடுவில் தொங்கும் இடத்தில் கை வைத்ததும் 5 வோல்ட் 0.3-க்கு விழுந்தது. சாக்கெட்டைக் கழற்றியும் திரும்பவில்லை. டேப்பைப் பிரித்துப் பார்த்தால், வெல்டிங் வைத்த அதே பிராக்கெட்டின் விளிம்பில் ஒரு வயர் உரசி, அரை அங்குலத்துக்குத் தோல் போய், செம்பு பச்சை பூத்திருந்தது. வெல்டிங் வைக்கும்போது வயரிங் கிளாம்பைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவே இல்லை. அந்த வயரை வெட்டிப் புதிய துண்டு சேர்த்து சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, ரப்பர் வைத்த கிளாம்பில் கட்டிவிட்டேன். மொத்தம் 600 ரூபாய் ஆகியிருக்கும். இன்று 18 டன் ஏற்றித் தொப்பூர் ஏறினேன், நிற்கவில்லை.

பணிமனை 22 வருடம்:
சந்தோஷம் தம்பி. வயரைப் பார்க்காமல் சொன்னது என் அவசரம். ஆனாலும் வெல்டிங் வைத்த வண்டி, ஒரே ஒரு ஏற்றத்தை வைத்து நான் ஈசிஎம்மை நம்பமாட்டேன். இன்னும் நாலு நடை மேட்டில் ஏறும்போது யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்து, ஸ்கேனரில் ரயில் பிரஷரை ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

கரூர் எலக்ட்ரீஷியன்:
பதிவு செய்யட்டும், நல்லதுதான். ஆனால் நாலு நடை வரைக்கும் அந்த 92,000 அவர் பையிலேயே இருக்கட்டும் ஐயா. அண்ணே, ஈசிஎம் சாக்கெட்டையும் ஒரு தடவை கழற்றிப் பாருங்கள், அங்கேயும் பச்சை பூத்திருந்தால் படம் எடுத்துப் போடுங்கள்.