8.33 சதவீதம் யார் பணம்?

பழைய மில்காரன்:
ரயில் கட்டணச் சலுகை பற்றிய விவாதத்தில் ‘வரிகட்டுபவன்’ என்ற அன்பர் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: “இ.பி.எஸ். ஓய்வூதியர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து ஒரு பைசாகூடக் கட்டாமல் குறைந்தபட்சம் 7,500 ரூபாய் கேட்கிறார்கள்.” அதற்குப் பதினெட்டுப் பேர் விருப்பக்குறி வேறு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இ.பி.எஸ். என்பது வருங்கால வைப்பு நிதியோடு (பி.எஃப்.) சேர்ந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். எங்கள் சம்பளத்துக்கு முதலாளி கட்டும் பன்னிரண்டு சதவீதத்தில் 8.33 ஓய்வூதிய நிதிக்கும் 3.67 பி.எஃப். கணக்குக்கும் போகிறது. இந்த 8.33 எங்கிருந்து வந்தது? முதலாளி தன் தாத்தா சொத்தை விற்றா கட்டினார்? மூன்று ஷிப்டிலும் பஞ்சுத் தூசியைத் தின்றவன் உழைப்பு அது.

வரிகட்டுபவன்:
சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன். தொழிலாளியின் பன்னிரண்டு சதவீதம் முழுவதும் பி.எஃப்.புக்குப் போகிறது. வேலையை விடும்போது வட்டியோடு கையில் வாங்கிக்கொள்கிறீர்கள். ஓய்வூதிய நிதிக்கு வருவது முதலாளியின் 8.33, மத்திய அரசின் 1.16. இரண்டாவது என் வரிப்பணம். உங்கள் பைசா எங்கே? ஒரு பைசா காட்டுங்கள், போதும்.

பழைய மில்காரன்:
ஆண்டவன் அருளால் வரி கட்டுபவர் நீங்கள் ஒருவர் மட்டும்தான் போலிருக்கிறது. தீப்பெட்டி வாங்கினாலும் நானும்தான் கட்டுகிறேன். குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் ஆனது. அதற்கு முந்தைய ஆண்டே கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவைக் குழு 3,000 கொடுக்கச் சொல்லிவிட்டது. நாங்கள் யாரோ நாலு பேர் மரத்தடியில் உட்கார்ந்து எழுப்பிய கோரிக்கை அல்ல இது.

சம்பளப் பிரிவு:
நான் சம்பளப் பட்டியல் தயாரிக்கிறவன். இன்றைய நியமனக் கடிதங்களில் சி.டி.சி. (ஓர் ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்று போடும் தொகைக்குள் முதலாளியின் பி.எஃப். பங்கும் அடங்கியிருக்கிறது. அந்த வகையில் அது ஊழியர் பணம் என்பதில் நியாயம் உண்டு. ஆனால் எண்பதுகளில் மில்லில் சேர்ந்தவர்களுக்குச் சி.டி.சி. ஏது? அவர்களுக்கு ஒப்பந்தக் கூலிக்கு மேலேதான் முதலாளி தன் பங்கைக் கட்டினார். ஆகவே இருவர் சொல்வதிலும்...

பழைய மில்காரன்:
‘ஆகவே’வை அங்கேயே நிறுத்துங்கள். ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நிர்வாகம் முதலில் நீட்டும் காகிதமே “உங்கள் பி.எஃப்.புக்கு நாங்கள் இவ்வளவு செலவழிக்கிறோம், எனவே கூலியை இதற்கு மேல் உயர்த்த முடியாது” என்பதுதான். கூலியைக் குறைக்கும்போது அது என் பணம், ஓய்வூதியம் என்று வந்தால் முதலாளி பணமா? 8.33 என் பணம்.

வரிகட்டுபவன்:
சரி, உங்கள் பணம் என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கணக்குப் போடுவோமா? 1995 நவம்பரில் திட்டம் தொடங்கியபோது, பங்கு கணக்கிடுவதற்கான சம்பள உச்சவரம்பு 5,000. அதில் 8.33 சதவீதம் மாதம் 417 ரூபாய். 2001 ஜூனிலிருந்து 6,500, அதாவது 541 ரூபாய். 2014 ஆகஸ்டு வரை ஒரு மாதம் விடாமல் கூட்டினாலும் 1.13 லட்சத்தைச் சுற்றித்தான் வருகிறது. 7,500 கொடுத்தால் பதினைந்தே மாதத்தில் தீர்ந்துவிடும். பதினாறாவது மாதத்திலிருந்து கொடுப்பது யார்? நான்.

பழைய மில்காரன்:
வட்டி? பத்தொன்பது ஆண்டு நிதியில் கிடந்த பணத்துக்கு வட்டியே போடாமல் கணக்குச் சொல்லும் உங்களை எந்த வங்கியும் உடனே வேலைக்கு எடுத்துக்கொள்ளும். இன்னொன்றும் கேளுங்கள். கம்யூட்டேஷன் என்று ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, நூறு மடங்கை மொத்தமாக வாங்கியவர்களுக்கு நூறு மாதத்தில் அந்தப் பணம் கழிந்துவிட்டது. அதற்குப் பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். பதினைந்து ஆண்டு கழித்தாவது முழுத் தொகை திரும்பும் என்று ஆணை வந்தது 2020-இல். அதுவும் 2008 செப்டம்பர் 25 வரை வாங்கியவர்களுக்கு. அந்த இடைப்பட்ட பணம் யாருடையது? அதற்கும் ஒரு கூட்டல் போடுங்களேன்.

ஓய்வு ஆசிரியை:
இவ்வளவு சண்டை எதற்கு? ஓய்வூதியம் பிச்சை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17-ஆம் தேதி நகாரா வழக்கிலேயே சொல்லிவிட்டது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறோம். யார் எவ்வளவு கட்டினார் என்பது கேள்வியே அல்ல.

வரிகட்டுபவன்:
அம்மா, அது அரசு ஊழியர் வழக்கு. நீங்கள் அரசின் பழைய ஓய்வூதியத் திட்டத்துக்காரர்தானே? நீங்கள் கட்டியது எத்தனை சதவீதம்?

பழைய மில்காரன்:
இதைத்தான் நானும் கேட்க இருந்தேன், வேறு காரணத்துக்காக. அம்மா ஒன்றும் கட்டவில்லை. ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி உயர்கிறது. மத்திய அரசில் குறைந்தபட்ச ஓய்வூதியமே 9,000. எங்களுக்கு அகவிலைப்படி என்ற பேச்சே கிடையாது. 2014-இல் 1,000 என்றால் இன்றும் 1,000.

ஓய்வு ஆசிரியை:
எனக்கு ஆதரவு தெரிவிக்கிறாரா, வயிறு எரிகிறாரா என்று புரியவில்லை. ஆசிரியர்கள் கோடை விடுமுறைக்கும் சம்பளம் வாங்கியவர்கள் என்று நீங்கள் முன்பு எழுதியதை நான் மறந்துவிடவில்லை, ஐயா. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்த ஆசிரியர்களுக்குப் பத்து சதவீதம் பிடித்தார்கள். அவர்களுக்காக நாங்கள் தெருவில் இறங்கியபோது உங்கள் சங்கம் எங்கே போயிருந்தது?

பழைய மில்காரன்:
எங்கள் சங்கமா? மில்லையே மூடிவிட்டார்கள், அம்மா.

திண்ணைவாசி:
ஒரு வேடிக்கையை யாரும் கவனிக்கவில்லையா? தமிழ்நாட்டில் ஆதரவற்ற முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ஆகிவிட்டது. அதில் மத்திய அரசின் பங்கு எண்பது வயது வரை 200 ரூபாய்தான். ஒன்றும் கட்டாதவருக்கு 1,200, கட்டியவருக்கு 1,000. வாழ்க கணக்கு!

பழைய மில்காரன்:
கட்டியவர் என்று எழுதியதற்கு நன்றி. ‘வரிகட்டுபவன்’ பார்வைக்கு.

வரிகட்டுபவன்:
எவர் எழுதினாலும் தவறு தவறுதான். அவரும் கட்டவில்லை, இவரும் கட்டவில்லை. சோற்றுக்கு வழியில்லாத கிழவியோடு போட்டி போடுவதற்கு உங்களுக்கு வெட்கமாக இல்லையா?

திண்ணைவாசி:
நான் எழுதியதற்கு அவரை ஏன் திட்டுகிறீர்கள்? என்னைத் திட்டுங்கள்.

பழைய மில்காரன்:
ஒரு பைசா காட்டு என்றாரே, காட்டுகிறேன். 1971 குடும்ப ஓய்வூதியத் திட்டத்தில் தொழிலாளி பங்கிலிருந்தும் 1.16 சதவீதம் போனது. முதலாளி, தொழிலாளி, அரசு மூவரும் ஆளுக்கு அவ்வளவு. அந்த நிதியை அப்படியே 1995 திட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். என் சம்பளத்தில் பிடித்தது, என் பெயரில் பிடித்தது. இது பைசா இல்லாமல் வேறு என்ன?

வரிகட்டுபவன்:
அது குடும்ப ஓய்வூதியம். இறந்தவர் குடும்பத்துக்கு. நாம் பேசுவது அதைப் பற்றி அல்ல. 1995-க்குப் பிறகு ஒரு பைசா காட்டுங்கள். இன்னும் சொல்லப்போனால் நீதிமன்றமே என் பக்கம். 2014 திருத்தத்தில் 15,000-க்கு மேற்பட்ட சம்பளத்துக்கு ஊழியர் 1.16 சதவீதம் கட்ட வேண்டும் என்றார்கள். 2022 நவம்பர் 4 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அது சட்டத்துக்கு முரண் என்றது. ஊழியர் பங்களிப்பு என்பதே இந்தத் திட்டத்தில் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பழைய மில்காரன்:
முதலில் ஒரு பைசா என்றார், காட்டினேன். இப்போது 1995-க்குப் பிறகு என்கிறார். நாளைக்கு மழை பெய்த நாளில் பிடித்த பைசா வேண்டும் என்பார். ஊழியரிடம் கூடுதலாகப் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை என்றுதான் தீர்ப்பு. 8.33 முதலாளி போட்ட தானம் என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது? பத்தி எண் சொல்லுங்கள்.

வரிகட்டுபவன்:
பத்தி எண் கேட்பவர் தன் சம்பளச் சீட்டைக் காட்டட்டும். பிடித்தம் என்ற பகுதியில் 8.33 இருக்கிறதா?

சம்பளப் பிரிவு:
பிடித்தம் பகுதியில் அது வராது. அதனால் மட்டும்...

பழைய மில்காரன்:
இவர் மறுபடியும் ‘அதனால்’ என்று ஆரம்பித்துவிட்டார்.

புதியவன்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்குப் பணிக்காலம் 9 ஆண்டு 7 மாதம். பத்து ஆண்டு இல்லாததால் ஓய்வூதியம் இல்லை, பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நிறுவனத்தில் சொல்கிறார்கள். என்ன செய்வது?

சம்பளப் பிரிவு:
படிவம் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் ஒரு முழு ஆண்டாகக் கொள்வார்கள். அவருக்குப் பத்து ஆண்டு ஆகிவிட்டது. 58 வயதில் ஓய்வூதியம் உண்டு.

வரிகட்டுபவன்:
பாருங்கள், பட்ஜெட்டில் இன்னும் ஒருவர். தம்பி, அப்பா எவ்வளவு கட்டினார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

பழைய மில்காரன்:
அவருக்குப் பதில் சொல்லாதே, தம்பி. அப்பாவின் உறுப்பினர் எண், சேர்ந்த தேதி, விட்ட தேதி மூன்றையும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பு. அதற்குள் ‘வரிகட்டுபவன்’ அந்தப் பத்தி எண்ணைத் தேடி எடுத்து வைக்கட்டும்.