அம்லோடிபின் 10 மில்லிகிராம்: கால் வீக்கத்துக்காக நிறுத்திவிடலாமா?

கேள்வி
62 வயதான என் அம்மா ரத்த அழுத்தத்துக்காக மூன்று ஆண்டுகளாக அம்லோடிபின் 5 மில்லிகிராம் சாப்பிட்டு வந்தார். அழுத்தம் கட்டுக்குள் வராததால் இரண்டு மாதங்களுக்கு முன் மருத்துவர் அதை 10 ஆக உயர்த்தினார். அதன்பின் மாலையானால் இரு கணுக்கால்களும் வீங்கிவிடுகின்றன. செருப்பு வார் பதிந்த தடம் படுக்கப் போகும்வரை மறைவதில்லை. சிறுநீரகக் கோளாறாக இருக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைக் கேட்டு, முந்தாநாள் முதல் மாத்திரையை நிறுத்திவிட்டார். இன்று காலை 134/84 இருந்தது. "மாத்திரை இல்லாமலே சரியாகத்தானே இருக்கிறது" என்கிறார். ரத்த அழுத்தமே இல்லாத என் பெரியப்பாவுக்கும் நெஞ்சு வலிக்கு இதே மாத்திரையைக் கொடுத்திருப்பது எனக்குப் புரியவில்லை.

பதில் 1 (மருந்தாளுநர்)
அந்த 134/84 ஐ நம்பிவிடாதீர்கள். உடலில் இம்மருந்தின் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் பிடிக்கும் என்பதால், முன்பு சாப்பிட்ட மாத்திரைகளின் மிச்சம்தான் இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது. தொடங்கும்போது முழுப் பலன் தெரிய ஓரிரு வாரங்கள் ஆவதும் இதனால்தான்.

பெரியப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன். ரத்தக்குழாய்ச் சுவரின் தசை சுருங்கக் கால்சியம் செல்லுக்குள் நுழைய வேண்டும். அம்லோடிபின் அந்த வாயிலை அடைத்துவிடுகிறது. குழாய்கள் தளர்வதால் அழுத்தமும் குறைகிறது, இதயத்தின் சுமையும் குறைகிறது. நடந்தால் வரும் நெஞ்சு வலிக்கும், இதயத் தமனி இறுகிக்கொள்வதால் வரும் வலிக்கும் இதைத் தருவது அதனால்தான். ஆனால் இது வலி வராமல் தடுக்கத் தினமும் சாப்பிடுவது. வலி வந்த நேரத்தில் நாக்கடியில் வைக்கும் மாத்திரைக்கு மாற்றல்ல.

பதில் 2 (பொது மருத்துவர்)
இந்த வீக்கம் அளவு கூடக் கூட அதிகமாகும். பெண்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே வரும். மருந்து நுண்தமனிகளை (ரத்தத்தைக் கொண்டுவரும் சிறு குழாய்களை) விரிக்கும் அளவுக்குச் சிரைகளை (ரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்லும் குழாய்களை) விரிப்பதில்லை. ஆகவே இரண்டுக்கும் இடையிலுள்ள மயிரிழைக் குழாய்களான தந்துகிகளில் அழுத்தம் ஏறி, நீர் வெளியே கசிந்து, நிற்பவருக்குக் கணுக்காலில் சேர்கிறது. உடலில் உப்பும் நீரும் தேங்கியதால் வந்ததல்ல என்பதால் நீர் மாத்திரை இதற்கு அவ்வளவாக உதவாது. கடையில் தாமாகவே அதை வாங்கிச் சாப்பிட்டு, இரவெல்லாம் கழிவறைக்கு நடந்து, காலையில் அதே வீங்கிய காலோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அளவைக் குறைத்து, சிரைப் பக்கத்தையும் தளர்த்தும் டெல்மிசார்டான் அல்லது எனலாப்ரில் போன்ற வேறொரு ரத்த அழுத்த மருந்தைச் சேர்ப்போம்.

ஆனாலும் மாத்திரைதான் காரணம் என்று வீட்டிலேயே முடிவு கட்டாமல், சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று அறிய, சிறுநீரில் புரதத்தையும் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளையும் பார்த்துவிடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பதில் 3
எனக்குக் கால் வீங்கவில்லை, பல் ஈறுகள்தான் தடித்தன. "பிபிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று பல் மருத்துவர் கேட்கும்வரை, இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

கேள்வி கேட்டவர்
நேற்று மருத்துவரிடம் சென்று வந்தோம். மாத்திரையை நிறுத்திய ஐந்தாம் நாளான நேற்று அழுத்தம் 162/94. சிறுநீரில் புரதம் இல்லை, கிரியாட்டினினும் சரியாக இருக்கிறது. அம்லோடிபினை மீண்டும் 5 ஆக்கி, டெல்மிசார்டான் 40 சேர்த்திருக்கிறார். இரண்டு வாரம் கழித்துப் பொட்டாசியம் பார்க்க வரச் சொன்னார். ஈறு பற்றிக் கேட்க மறந்துவிட்டேன், அப்போது கேட்கிறேன்.