சேனல் 4: ஒரே நாளில் இத்தனை வகை நிகழ்ச்சிகள் ஏன்?

கேள்வி: பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியில் பிற்பகலில் சொல் விளையாட்டு, இரவு 7 மணிக்குச் செய்தி, பிறகு ஆவணப்படம், பின்னிரவில் திரைப்படம் என ஒன்றுக்கொன்று ஒட்டாதவை அடுத்தடுத்து வருகின்றன. விளம்பரத்தை நம்பியிருக்கும் அலைவரிசை ஒரே வகைப் பார்வையாளரைத் தக்கவைக்க முயலாதது ஏன்?

மறுமொழி 1: விளம்பர வருவாயில் இயங்கினாலும் அது தனியாருக்குச் சொந்தமானதன்று, பொது உடைமை. ஐடிவி என்ற தனியார் விளம்பரத் தொலைக்காட்சி நிறைவு செய்யாத ரசனைகளுக்கு இடமளித்துப் புதுமையை ஊக்குவிக்க வேண்டும் என்று 1980ஆம் ஆண்டுச் சட்டமே விதித்தது. நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் வெளித் தயாரிப்பாளர்களிடமிருந்தே பெற்றுவந்ததால், பல கைகள் பட்ட சாயல் இயல்பாகவே படிந்துவிட்டது.

மறுமொழி 2: முதல் நாளே அப்படித்தான் நண்பரே. 1982 நவம்பர் 2, மாலை 4.45 மணிக்கு ‘கவுண்ட்டவுன்’ தொடங்கியது. ஒன்பது எழுத்துகளைக் கலைத்து வைத்து, கடிகார முள் அரை வட்டம் சுற்றும் 30 விநாடிகளுக்குள் மிக நீளமான சொல்லைக் கண்டுபிடிக்கும் எளிய போட்டி அது. (எனக்கு ஆறெழுத்தைத் தாண்டியதே இல்லை.) அன்றிரவே லிவர்பூல் குடியிருப்பு ஒன்றைக் களமாகக் கொண்ட ‘புரூக்சைடு’ தொடரும் ஆரம்பமானது.

மறுமொழி 3: வரிசைக்கும் ஒரு காரணம் உண்டு: சிறாருக்கு ஒவ்வாதவற்றை இரவு 9 மணிக்கு முன் காட்டக்கூடாது என்பது அந்நாட்டு விதி.